வன்னியில் பலசரக்குக் கடை: வரிச் சலுகை எங்கே கிடைக்கும், எங்கே கைநழுவும்

ஒட்டுசுட்டானுக்கு உள்ளேயோ, பாண்டியன்குளத்துக்கு அப்பாலோ, பூநகரி வீதியில் இருந்து இறங்கி நாலைந்து கிலோமீற்றர் போன ஒரு குடியேற்றத்திலோ கடை போட நினைப்பவர் முதலில் கேட்பது இதைத்தான்: "இப்படிப் பின்தங்கின இடத்தில் கடை போட்டால் அரசாங்கம் வரியில ஏதும் விட்டுத்தராதோ?" வெளிநாட்டில் இருந்து முதல் போடுகிற தம்பியோ மச்சானோ இதை இன்னும் உறுதியாகக் கேட்பார். அங்கே அப்படி ஏற்பாடுகள் உண்டு. வாசிங்டன் நகரில், கடையில்லாத பகுதியாகக் குறித்த இடத்தில் சுப்பர்மாக்கற் திறந்தால் பத்து ஆண்டுக்கு ஆதன வரி விலக்குக் கிடைக்கும். நியூயோர்க் நகரில் 2009 இல் இருந்து இதற்கென்றே ஒரு திட்டம் ஓடுகிறது.

இலங்கையில் பலசரக்குக் கடைக்கென்று, அதுவும் வன்னிக்கென்று, தனிச் சலுகைப் படிவம் எதுவும் இல்லை. உள்ளவை பொதுவான வரி எல்லைகள், கழிவுகள், சில தள்ளுபடிகள். ஊர்க் கடை ஒன்றுக்கு அவையே பெரும்பாலும் போதும். ஆனால் அவை தானாக வந்து கையில் விழமாட்டா. கடையை எந்தப் பெயரில் பதிந்தீர்கள், எந்தத் துண்டை (பில், பற்றுச்சீட்டு) வைத்திருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்துத்தான் கிடைக்கும்.

வடக்குக்கென்று வந்த சலுகை

"வடக்கில் முதலிட்டால் 200 வீதக் கழிவு" என்று பலர் கேள்விப்பட்டிருப்பார்கள். கதை பொய்யில்லை. 2017 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில், வட மாகாணத்தில் பயன்படும் தேய்மானச் சொத்துகளுக்கு 200 வீத மூலதனப் படி (சொத்தின் விலையை வைத்து வருமானத்தில் கழிக்கும் தொகை) எழுதப்பட்டது. ஏனைய மாகாணங்களுக்கு அது 100 வீதம். ஆனால் அதற்குள் நுழைய முதலீடு 30 இலட்சத்தைத் தாண்ட வேண்டும். ரூபா இல்லை, அமெரிக்க டொலர். மல்லாவிச் சந்தியில் உள்ள அத்தனை கடையையும் சேர்த்து வாங்கினாலும் அந்தக் கணக்குக்குக் கிட்டப் போகமாட்டோம். அதற்குக் குறைந்த முதலீட்டுக்கும் ஆறாம் அட்டவணையில் ஒரு தற்காலிகச் சலுகை இருந்தது. 2018 ஏப்ரல் 1 இல் தொடங்கி மூன்று ஆண்டு மட்டும் ஓடி முடிந்துவிட்டது. இன்று யாராவது கட்டணம் வாங்கிக்கொண்டு "வடக்குச் சலுகை எடுத்துத் தாறன்" என்றால் எந்த அட்டவணை, எந்த ஆண்டு என்று கேளுங்கள்.

பதிவு: தனியாள் பெயரில் போடுங்கள்

வெளிநாட்டுக் காசு சேர்ந்தால் அடுத்த ஆலோசனை "பிரைவேற் லிமிற்றெட் ஆக்குவம்" என்பதாக வரும். கேட்கக் கம்பீரமாக இருக்கும். வரிக் கணக்கில் ஊர்க் கடைக்கு அது நட்டம். தனியாளுக்கு 2025 ஏப்ரல் 1 முதல் ஆண்டுக்கு 18 இலட்சம் ரூபா தனிநபர் நிவாரணம் உண்டு. அதற்குட்பட்ட வருமானத்துக்கு வரி இல்லை. கம்பனிக்கு அந்த நிவாரணமே கிடையாது. முதல் ரூபாவில் இருந்து 30 வீதம். 25 இலட்சம் இலாபம் வருகிற கடை கம்பனியாக இருந்தால் 7,50,000 ரூபா வரி. அதே இலாபம், வேறு வருமானமில்லாத தனியாள் பெயரில் வந்தால் 42,000 ரூபா. இயக்குநர் சம்பளம் காட்டிக் கம்பனியின் வரியைக் குறைக்கலாம்தான். ஆனால் கணக்காய்வாளர், செயலாளர், ஆண்டறிக்கை என்று செலவு வேறு வழியால் போகும்.

தனியாள் கடையின் வியாபாரப் பெயரைப் பிரதேச செயலகத்தில் பதியலாம். அடையாள அட்டைப் பிரதி, கிராம அலுவலரின் உறுதிப்படுத்தல், கடை நிற்கும் இடத்தின் ஆவணம் மூன்றையும் ஆயத்தமாக்கிக்கொண்டு போனால் ஒரு நடை குறையும். வன்னியில் சிக்குவது மூன்றாவதில்தான். காணிகளில் பெரும்பகுதி காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ்க் கொடுத்த அனுமதிப்பத்திரக் காணி. குடியிருக்கவும் பயிர் செய்யவும் கொடுத்தது. அதில் வீதியோரமாகக் கடை எழுப்புவதென்றால் பிரதேச செயலாளரின் எழுத்து மூல அனுமதியை முதலில் கேளுங்கள். "விதானையார் ஓம் என்டவர்" என்று சீமெந்தைக் குழைத்துவிட்டு, பிறகு பதிவும் இல்லாமல் வங்கிக் கடனும் இல்லாமல் நிற்பவர்கள் உண்டு. அனுமதிப்பத்திரம் பெற்றோர் பெயரில் இருந்து, கடையை மகன் நடத்தினால், பெற்றோரின் சம்மதக் கடிதமும் வேண்டும். இடப்பெயர்வில் பத்திரம் தொலைந்திருந்தால் காணிக் கிளையில் பதிவேட்டைப் பார்த்து உறுதிப்படுத்திய பிரதி எடுக்கும் வேலையைக் கடைக்கு அத்திவாரம் வெட்ட முன் தொடங்குங்கள்.

பங்குக்குக் கடை போட்டால் இருவரின் பங்கையும் எழுத்தில் வையுங்கள். காசு போட்டவர் பங்காளியா, கடன் கொடுத்தவரா என்பதைப் பொறுத்து வரிக் கணக்கு மாறும். கடன் என்றால் அதற்குக் கட்டும் வட்டி செலவில் வரும். பங்கு என்றால் இலாபம் பிரியும். வாயால் பேசிய கணக்கில் இரண்டும் வராது.

பிரதேச சபைக்குக் கட்டுவது

இது சின்னத் தொகை, ஆனால் விட்டால் தொல்லை. 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் கீழ், கடை நிற்கும் இடத்தின் ஆண்டுப் பெறுமதியைப் பார்த்துச் சபை வியாபார உரிமக் கட்டணமோ வரியோ விதிக்கும். சபைகள் வர்த்தமானியில் போடும் அறிவித்தல்களில் வழமையாகக் காணும் படிகள் 500, 750, 1,000 ரூபா. பலசரக்கோடு தேத்தண்ணி, வடை, பாண் போறணை என்று சேர்த்தால் அவற்றுக்கு வேறு உரிமம், பொதுச் சுகாதாரப் பரிசோதகரின் பார்வை எல்லாம் வரும். ஆரம்பத்திலேயே சொல்லிப் பதியுங்கள். பிறகு சேர்ப்பது இரட்டை வேலை.

சோலைவரி (கட்டடம், காணிக்குச் சபை விதிக்கும் ஆதன வரி) வேறு. சபை அபிவிருத்தியடைந்த பகுதியாகக் குறித்த இடத்தில் மட்டும் அது வரும். மாங்குளம், புதுக்குடியிருப்பு, முள்ளியவளை போன்ற சந்தைப் பக்கத்துக் கடைக்காரர் விசாரித்து வைத்திருக்க வேண்டும். உள்ளூர்க் கிராமங்கள் பலவற்றுக்கு இது பொருந்தாது. பொருந்தினால் ஒரு தள்ளுபடி உண்டு: ஆண்டு முழுவதற்குமான சோலைவரியை ஜனவரி 31 க்கு முன் கட்டினால் 10 வீதம் கழியும். காலாண்டுக் காலாண்டாகக் கட்டுபவர் அந்தக் காலாண்டின் முதல் மாதத்தில் கட்டினால் 5 வீதம். ஒரு சைக்கிள் ஓட்டத்தில் எடுக்கக்கூடிய சலுகை. பெப்ரவரியில் போய்க் கேட்டால் கிடையாது.

வருமான வரி: எந்தக் கடைக்கு, எவ்வளவு

முதலில் ஒரு சாதாரண ஊர்க் கடையை எடுத்துப் போட்டுப் பார்ப்போம். நாளாந்த விற்பனை சராசரி 45,000 ரூபா, ஆண்டுக்கு 350 நாள். மொத்தம் 1,57,50,000. இந்தப் பெரிய எண்ணைப் பார்த்துத்தான் பலர் பயந்து கணக்கே எழுதாமல் விடுகிறார்கள். நூறு ரூபா விற்றால் 12 ரூபா நிற்கிறது என்று வையுங்கள். மொத்த இலாபம் 18,90,000. இனிச் செலவு: வவுனியாவில் இருந்தோ கிளிநொச்சியில் இருந்தோ கிழமைக்கு இரண்டு லொறி, ஒன்று 4,500 ஆக ஆண்டுக்கு 4,68,000. மின்சாரம் மாதம் 14,000 ஆக 1,68,000. ஒரு பெடியனுக்கு மாதம் 35,000 ஆக 4,20,000. அவருக்கு முதலாளி கட்டும் ஊழியர் சேமலாப நிதி 12 வீதம், ஊழியர் நம்பிக்கை நிதி 3 வீதம், சேர்த்து 63,000. வங்கி வட்டி 90,000. 3 இலட்சத்துக்கு வாங்கிய ஆழ்குளிரூட்டிக்கு ஐந்தாண்டுத் தேய்மானத்தில் இந்த ஆண்டுப் பங்கு 60,000. எல்லாம் போக மிஞ்சுவது 6,21,000. வேறு வருமானம் இல்லையென்றால் 18 இலட்சத்துக்கு எவ்வளவோ கீழே. வரி ஒரு சதமும் இல்லை.

இனி ஒரு சந்திக் கடை. நாளுக்கு 1 இலட்சம், ஆண்டுக்கு 3.5 கோடி. அதே 12 வீதத்தில் மொத்த இலாபம் 42 இலட்சம், செலவு 17 இலட்சம், தேறிய இலாபம் 25 இலட்சம். நிவாரணம் 18 இலட்சத்தைக் கழித்தால் வரிக்குரியது 7 இலட்சம். முதல் 10 இலட்சத்துக்கு வரி 6 வீதம் என்பதால் 42,000 ரூபா. அதற்கு மேல் ஒவ்வொரு 5 இலட்சத்துக்கும் 18, 24, 30 என்று ஏறி, மிச்சத்துக்கு 36 வீதம்.

இதே கடைக்காரரிடம் 5 இலட்சம் ரூபாச் செலவுக்குத் துண்டு இல்லை என்று வையுங்கள். லொறிக்காரர் பில் தருவதில்லை, கோழி முட்டை ஊருக்குள் வாங்கியது, சம்பளத்துக்குக் கையெழுத்து எடுக்கவில்லை. செலவு 12 இலட்சமாகக் குறைகிறது, இலாபம் 30 இலட்சமாகத் தெரிகிறது. வரிக்குரியது 12 இலட்சம். முதல் 10 இலட்சத்துக்கு 60,000, மிச்ச 2 இலட்சத்துக்கு 18 வீதத்தில் 36,000, மொத்தம் 96,000. துண்டு இல்லாத குற்றத்துக்கு 54,000 ரூபா. வன்னிக் கடைக்காரர் தேடுகிற வரிச் சலுகை இந்த 54,000 க்குள்தான் கிடக்கிறது.

துண்டு தராத இடத்தில் துண்டு எடுப்பது

வவுனியா மொத்தக் கடையில் விலைச்சிட்டை கேட்டால் கிடைக்கும். அதில் உங்கள் கடைப் பெயரை எழுதச் சொல்லுங்கள். "காசு" என்று மட்டும் எழுதிய சிட்டை யாருடையது என்று தெரியாது. வெப்பத்தாளில் அடித்த பில் ஆறு மாதத்தில் வெளிறிவிடும், அதுவும் தகரக் கூரைக்குக் கீழ் என்றால் இன்னும் கெதியாக. அன்றைக்கே படம் எடுங்கள், அல்லது பிரதி எடுத்து ஒட்டுங்கள். ஆவணங்களை ஐந்து ஆண்டு வைத்திருக்கச் சட்டம் சொல்கிறது.

லொறிக் கூலிக்கு நீங்களே ஒரு பற்றுச்சீட்டுக் கொப்பி வைத்திருங்கள். காபன் தாள் வைத்த சாதாரணக் கொப்பி போதும். திகதி, வாகன இலக்கம், எங்கே இருந்து எங்கே, என்ன சாமான் எத்தனை மூடை, தொகை, சாரதியின் பெயர், அடையாள அட்டை இலக்கம், கையெழுத்து. காசைக் கொடுக்க முன் கையெழுத்தை வாங்குங்கள். கொடுத்த பிறகு லொறி நிற்காது.

ஊருக்குள் வாங்கும் பொருளுக்கும் இதே முறைதான். முட்டை, தயிர், தேன், வெங்காயம், ஒடியல், கச்சான் என்று வன்னிக் கடையின் நல்ல இலாபம் வருகிற சாமான்கள் பில் இல்லாத கைகளில் இருந்துதான் வருகின்றன. ஒவ்வொரு முறையும் ஒரு வவுச்சர்: "விசுவமடு, முட்டை 300, ஒன்று இத்தனை ரூபா, மொத்தம் இத்தனை", விற்றவரின் பெயரும் அடையாள அட்டை இலக்கமும் கையெழுத்தும். வயதான அம்மாமார் கையெழுத்துக்குத் தயங்குவார்கள், வரிக்காரர் தங்களைத் தேடி வருவார் என்று. கைநாட்டு வாங்கலாம். அந்த விற்பனை அவர்களை வரிக்குள் கொண்டுபோகாது என்பதைச் சொல்லிவிட்டால் பயம் போகும். ஆண்டுக்கு 18 இலட்சம் முட்டையில் வருவதென்றால் அது வேறு கதை.

பழுதானதை எறிய முன் எழுதுங்கள். மாரி மழைக்குக் கட்டியான மா, எலி கடித்த பருப்பு மூடை, திகதி போன ரின்மீன், திருப்பி எடுக்காத பாண். திகதி, பொருள், அளவு, வாங்கிய விலை, காரணம், ஒரு படம். நட்டமானதை நட்டமாகக் காட்டலாம், ஆனால் ஆண்டு முடிவில் நினைவில் இருந்து "ஒரு 80,000 பழுது" என்று போட்டால் ஏற்கமாட்டார்கள்.

கண்ணுக்குத் தெரியாத நட்டம் ஒன்று தராசில் நடக்கிறது. 50 கிலோ சீனி மூடையைக் கால் கிலோப் பைகளாகக் கட்டினால் 200 பை. கை தாராளமாகி ஒவ்வொன்றிலும் 10 கிராம் கூடப் போனால் 2 கிலோ போய்விட்டது. நூற்றுக்கு 4. சீனியில் நிற்கிற இலாபமே சில நேரம் அவ்வளவு இராது. கணக்கில் இது சீனி வாங்கிய செலவுக்கும் விற்ற வரவுக்கும் இடையில் ஒரு ஓட்டையாகத் தெரியும்; வரி அதிகாரி பார்த்தால் விற்பனையை மறைத்தீர்கள் என்று நினைக்க இடமுண்டு. மூடை வந்ததும் நிறுத்து, கட்டி முடிந்ததும் எண்ணி, வித்தியாசத்தைச் சுவரில் தொங்கும் கலண்டரிலாவது எழுதி வையுங்கள். தராசை அளவீட்டு அலகுகள், நியமங்கள் மற்றும் சேவைகள் திணைக்களம் ஆண்டுதோறும் சரிபார்த்து முத்திரையிட வேண்டும். அதற்கு வரும் நாளைப் பிரதேச செயலகத்தில் கேட்டு வையுங்கள்.

வீட்டுக்கு எடுக்கும் சாமான் செலவாகாது. காலையில் மனைவி எடுக்கும் ஒரு கிலோ மா, பிள்ளை எடுக்கும் பிஸ்கற், மாமா வந்தால் உடைக்கும் சோடா எல்லாவற்றுக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி எழுதுங்கள். உங்களுக்கு நீங்களே எடுக்கும் சம்பளமும் செலவில் சேராது. தண்டப் பணமும் சேராது, கட்டிய வருமான வரியும் சேராது.

கடன் கொப்பி தனி உலகம். பெரும்போக நெல் விற்கும் பங்குனி வரைக்கும், சிறுபோகம் என்றால் ஆவணி வரைக்கும், அஸ்வெசும என்ற அரசாங்க உதவிக் காசு வங்கிக்கு வரும் நாள் வரைக்கும் என்று தவணை பிரித்துத்தான் வன்னியில் கடை நடக்கிறது. கடனுக்குக் கொடுத்ததும் விற்பனைதான். கொப்பியில் ஏற்றிய அன்றே விற்பனையில் சேர்த்தால்தான் பிறகு வராமல் போனதை வராக்கடனாகக் கழிக்க முடியும். சேர்க்காமல் விட்டுவிட்டுக் கழிக்க வழியில்லை. கழிக்க வேண்டுமென்றால் ஆளின் பெயர், தொகை, கேட்ட திகதிகள், இனி வராது என்று முடிவெடுத்த காரணம் நான்கும் கொப்பியில் இருக்க வேண்டும். "ஆள் ஊரை விட்டுப் போட்டுது, தை 12 இல் வீட்டுக்குப் போய்க் கேட்டது, மாசி 3 இல் தமையனிடம் கேட்டது" என்று இரண்டு வரி போதும். கடன் தீர்ந்ததும் பக்கத்தைக் கிழிக்கும் பழக்கம் பலரிடம் உண்டு. கிழிக்காதீர்கள், குறுக்குக் கோடு போடுங்கள்.

வெளிநாட்டுக் காசையும் கடைக் காசையும் ஒரே வங்கிக் கணக்கில் போடுவது இன்னொரு பெரிய பிழை. அக்கா அன்பளிப்பாக அனுப்பிய காசு விற்பனை இல்லை. ஆனால் ஒரே புத்தகத்தில் கலந்து கிடந்தால் அதைப் பிரித்துக் காட்டும் பாரம் உங்கள் தலையில். கடைக்கென்று ஒரு கணக்குத் திறவுங்கள். நடைமுறைக் கணக்கென்றால் வங்கி வரி செலுத்துநர் அடையாள இலக்கம் கேட்கும். ரின் நம்பர் என்று எல்லோரும் சொல்வது அதைத்தான். உள்நாட்டு இறைவரித் திணைக்களத்தின் இணையத்தளத்தில் அடையாள அட்டையைக் கொண்டு எடுக்கலாம், 1944 என்ற தொலைபேசி இலக்கத்தில் கேட்கலாம். அந்த இலக்கம் எடுத்ததாலேயே வரி கட்ட வேண்டும் என்றில்லை. ஆனால் உங்களுக்கு வருமான வரிக் கோப்புத் திறந்திருந்தால், வரி இல்லாத ஆண்டிலும் சைபர் என்று காட்டி விவரத்திரட்டை (ஆண்டு வருமான வரி அறிக்கையை) அனுப்பிவிடுங்கள். பிந்தினால் தண்டம் 50,000 ரூபாவும் மாதத்துக்கு 10,000 ரூபாவும் ஏறக்கூடும், உச்சம் 4 இலட்சம்.

வற் பயம்

வற் எனப்படும் பெறுமதி சேர் வரி 2024 ஜனவரி 1 முதல் 18 வீதம். பதிய வேண்டிய எல்லையை அன்று ஆண்டுக்கு 6 கோடி, காலாண்டுக்கு 1.5 கோடி விற்பனை என்று வைத்தார்கள். 2026 ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் அதை 3.6 கோடிக்கு இறக்க முன்மொழிந்தார்கள். ஆகவே நடப்பு எல்லையை 1944 இல் கேட்டு உறுதிப்படுத்திவிட்டு உங்கள் விற்பனையை ஒப்பிடுங்கள். நாள் கணக்கில் பார்த்தால் 6 கோடி என்பது நாளுக்கு ஏறத்தாழ 1,64,000, 3.6 கோடி என்பது 98,600. மேலே சொன்ன 45,000 கடைக்கு இரண்டும் தூரம். சந்திக் கடைக்குக் குறைந்த எல்லை மூக்குக்குக் கீழே நிற்கிறது, அதுவும் தைப்பொங்கலும் பெரும்போக அறுவடையும் சேர்ந்து வரும் காலாண்டில்.

எல்லையைத் தாண்டினால் சமூகப் பாதுகாப்புப் பங்களிப்பு வரியும் வரும். வீதம் 2.5, சில்லறை வியாபாரத்துக்கு விற்பனையின் பாதியில்தான் கணக்கு என்பதால் நூறு ரூபாவுக்கு 1.25. சின்னதாகத் தெரியும். ஆனால் அது விற்பனையில் போவது, இலாபத்தில் இல்லை. நூற்றுக்கு 12 நிற்கிற கடையில் பத்தில் ஒரு பங்கு இலாபம் அதோடு போகும். இதற்காகக் கடையை மனைவி பெயரிலும் மகன் பெயரிலும் இரண்டாகப் பிரித்து எழுதுவது பழைய தந்திரம். ஒரே கூரை, ஒரே கல்லாப் பெட்டி என்றால் அது பிடிபடும்.

பதியாதவர் பில்லில் "வற்" என்று ஒரு வரி போட்டுக் காசு எடுக்கக்கூடாது. மறுபக்கம், மொத்தக் கடையில் நீங்கள் கட்டிய வற்றைத் திருப்பி எடுக்கவும் முடியாது. அது சாமானின் விலையோடு சேர்ந்த செலவு. சிட்டையில் வற்றுக்கு முந்திய தொகையைச் செலவாக எழுதுபவர்கள் தாங்களே தங்கள் இலாபத்தைக் கூட்டிக் காட்டுகிறார்கள். கடைசி வரியில் உள்ள மொத்தத் தொகையை எழுதுங்கள்.

லொறிக் கூலியை எந்தச் சாமானில் ஏற்றுவது

தூரத்துக் கடைக்கு உண்மையான பாரம் வரியை விட இதுதான். பைக்கற்றில் அச்சிட்ட உச்சச் சில்லறை விலைக்கு மேல் ஒரு ரூபாவும் எடுக்க முடியாது. கொழும்பில் 100 ரூபா என்றால் நெடுங்கேணியிலும் 100 தான், இடையில் எத்தனை கிலோமீற்றர் என்று சட்டம் கேட்பதில்லை. வர்த்தமானியில் உச்ச விலை போட்ட சாமான்களும் அப்படியே. 2024 டிசம்பரில் உள்ளூர் நாட்டரிசிக்குக் கிலோ 230 ரூபா என்று போட்டார்கள். 2021 திருத்தத்துக்குப் பிறகு, வர்த்தமானி உச்ச விலைக்கு மேல் விற்கும் தனியாளுக்கு நீதிமன்றத் தண்டம் 1 இலட்சத்தில் இருந்து 5 இலட்சம் வரை. ஆகக் குறைந்த தண்டமே அந்த 45,000 கடையின் இரண்டு மாத இலாபம்.

ஆகவே கூலி ஏறக்கூடிய சாமான் எது என்று பிரித்து வையுங்கள். வெங்காயம், பருப்பு, கடலை, மல்லி, மிளகாய், தேங்காய், கருவாடு போன்ற விலை கட்டாத சில்லறைச் சாமான் ஏற்கும். பிஸ்கற், சவர்க்காரம், பால்மா, சோடா ஏற்காது. 4,500 கூலியை மூடைக் கணக்கில் பங்கிடும்போது சோடாப் பெட்டிக்கும் பங்கு போட்டுவிட்டு அதை விலையில் சேர்க்க முடியாமல் விட்டால், கிழமைக் கிழமை அந்தப் பங்கு கையில் இருந்து போகிறது. விலை கட்டிய சாமானைக் கடைக்கே கொண்டுவரும் ஏஜென்ற் வானில் எடுங்கள், மாங்குளம் வரை வருகிற வானை உள்ளே இழுக்க நாலு கடை சேர்ந்து ஒரே நாளில் ஓடர் கொடுத்தால் அனேகமாக வரும். விலைப் பட்டியலைக் கடையில் தெரியும்படி தொங்கவிட மறக்க வேண்டாம். அதுவும் சட்டம்.

சின்னச் சின்னதாய் இரண்டு

வங்கி வைப்பு வட்டியில் 2025 ஏப்ரல் முதல் 10 வீதம் பிடிக்கிறார்கள். ஆண்டு வருமானம் 18 இலட்சத்தைத் தாண்டாதவர் ரின் நம்பரோடு சுய பிரகடனப் படிவம் கொடுத்தால் பிடிக்கமாட்டார்கள். அந்தப் படிவம் வங்கியில் இருக்கும், கேட்டால்தான் தருவார்கள்.

கூரையில் சூரிய மின்தகடு போட்டு மின்கட்டமைப்போடு இணைத்தால் ஆண்டுக்கு 6 இலட்சம் வரை வருமானத்தில் கழிக்கலாம். 18 இலட்சத்துக்குக் கீழ் உழைக்கும் கடைக்கு இதில் வரிப் பயன் எதுவும் இல்லை; அவருக்கு மின்கட்டணம் குறைவது மட்டும்தான் இலாபம். சந்திக் கடைக்காரர் போட்டால் அந்த ஆண்டு 7 இலட்சம் வரிக்குரிய வருமானம் 1 இலட்சமாக இறங்கும், வரி 42,000 இல் இருந்து 6,000. ஆழ்குளிரூட்டி ஓடுகிற கடை எப்படியும் யோசிக்க வேண்டிய விடயம்.

நாட்கள்

வரி ஆண்டு ஏப்ரல் 1 இல் இருந்து மார்ச் 31 வரை. வரி வரும் என்று தெரிந்தவர் தவணையாக ஓகஸ்ட் 15, நவம்பர் 15, பெப்ரவரி 15, மே 15 ஆகிய நாட்களில் கட்ட வேண்டும். மிச்சம் செப்டம்பர் 30. விவரத்திரட்டு நவம்பர் 30. பிந்திய வரிக்கு மாதம் 1.5 வீத வட்டி. பெடியனின் சேமலாப நிதி அடுத்த மாத முடிவுக்குள்.

இவற்றுள் கடைக்காரர் தவறவிடுவது மார்ச் 31 ஐத்தான், ஏனென்றால் அன்றைக்கு எங்கும் எதுவும் கட்டத் தேவையில்லை. ஆனால் அன்றுதான் சித்திரை வருடப்பிறப்புக்கு இறக்கிய சாமானால் கடை நிரம்பி வழியும் நாள். விற்காமல் கிடக்கும் சரக்கை எண்ணாமல் விட்டால், வாங்கிய முழுவதும் இந்த ஆண்டுச் செலவாகப் போய் இலாபம் பொய்யாகக் குறையும். அடுத்த ஆண்டு அதே சரக்கு செலவில்லாமல் விற்பனையில் மட்டும் ஏறி, இலாபத்தை ஒரேயடியாக உயர்த்தும். இரண்டு ஆண்டும் 15 இலட்சமாக வர வேண்டிய இலாபம் ஓராண்டு 8, மறு ஆண்டு 22 என்று வந்தால், வரியே இல்லாத கடைக்கு 4 இலட்சத்துக்கு 6 வீதம், 24,000 ரூபா வரி விழும். ஆகவே 31 ஆம் திகதி பின்னேரம் கடையைக் கொஞ்சம் வெள்ளனப் பூட்டுங்கள். ஒருவர் எண்ண, ஒருவர் எழுத. மூடைகளில் தொடங்கி, தட்டுகளை இடமிருந்து வலமாக, கடைசியாக ஆழ்குளிரூட்டி. உடைத்த மூடையை நிறுத்து எழுதுங்கள். விற்கும் விலையில் போடவேண்டாம், கடைசியாக வாங்கிய சிட்டையின் விலையில் போடுங்கள். திகதி போனவற்றை அன்றே பிரித்துப் பழுதுக் கணக்கில் எழுதுங்கள். எண்ணியவர், எழுதியவர் இருவரும் ஒவ்வொரு தாளின் அடியிலும் கையெழுத்து வைத்து, அந்தத் தாள்களைக் கடன் கொப்பியோடு சேர்த்து எலிக்கும் கறையானுக்கும் எட்டாத தகரப் பெட்டியில் வையுங்கள்.